தானே ஆறும் பாலத்தை நான் திறந்து மூடிய நாள்

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், தானே ஆறிக்கொள்ளும் காம்போசிட் பேனலை எப்படிச் சோதிப்பது என்று என்னிடம் கேட்டிருந்தீர்கள். அதற்கான முறை இப்போது எழுத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். அந்த முறையில் சில வரிகள் என்னுடைய தவறால் வந்தவை. அது எப்படி நடந்தது என்று அதில் எழுதவில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

அப்போது நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. கோரமண்டல் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு மழைநீர் ஓடை குறுக்கிடுகிறது. அதன் மேல் நம் கம்பெனி சோதனைக்காக ஒரு நடைபாலம் போட்டுக் கொடுத்தது. விடியற்காலை ரயிலுக்குப் போகிறவர்களும், மாலையில் பெங்களூரிலிருந்து திரும்புகிறவர்களும் அதில்தான் நடப்பார்கள். பாலம் இல்லையென்றால் லாரி ரோட்டைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிஷம் நடக்க வேண்டும்.

பாலத்தின் நடைதளம் கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து ரெசின் என்கிற பிசினை ஊற்றி இறுக்கிய பேனல்கள். அந்த ரெசினுக்குள் மாவு போலப் பொடிப்பொடியாகக் குமிழிகள் கலந்திருந்தன. குமிழிக்குள் திரவம். பேனலுக்குள் விரிசல் ஓடினால் வழியில் இருக்கும் குமிழிகள் உடையும், திரவம் விரிசலுக்குள் கசிந்து பரவும், ரெசினில் ஏற்கெனவே கலந்திருக்கும் மருந்தைத் தொட்டதும் கெட்டியாகி அடுக்குகளை மறுபடி ஒட்டும். அறுந்த இழையை அது சேர்க்காது. ஒரே இடத்தில் இரண்டாம் முறை அடிபட்டால் அங்கே உடைவதற்குக் குமிழியும் இருக்காது. இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்தத் திரவத்தை உருவாக்கியவள் பெர்சிஸ். என்னைவிட இருபது வயது சின்னவள், ஆண்டர்சன்பேட்டைக்காரி. ஏழு வருஷமாக அதே வேலையாக இருந்தாள். ஆய்வுக்கூடத்தில் அவள் பேனலை உடைத்து உடைத்து ஆற வைத்திருக்கிறாள். வெளியே, வெயிலிலும் பனியிலும், நிஜமான அடி ஒன்று அதுவரை விழவில்லை.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, பனிமூட்டத்தில் ரிவர்ஸ் எடுத்த டிராக்டரின் டிரெய்லர் மூலை பாலத்தின் இரண்டாவது பேனலில் இடித்துவிட்டது. நானும் பெர்சிஸும் போய்ப் பார்த்தோம். மேலே ஒரு வெள்ளைக் கீறல்தான். உள்ளே ஒலியை அனுப்பிப் பார்க்கும் அல்ட்ராசோனிக் கருவியை வைத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு தாம்பாளம் அகலத்துக்கு அடுக்குகள் விட்டுப்போயிருந்தன. பாலத்தைக் கயிறு கட்டி மூடினோம்.

"இதுக்குத்தான் மேடம் இத்தினி நாளா காத்துக்கினு இருந்தேன்" என்றாள் பெர்சிஸ். சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போகும் ஜனங்களைப் பார்த்து வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரே நாளில் ஆறிவிடும். நாங்கள் மூன்று நாள் விட்டோம். தாராளமாக விட்டதாகவே நினைத்தோம்.

வியாழக்கிழமை காலை மறுபடி போனோம். பத்து மணி ஆகியும் பனி விலகவில்லை. பேனலில் ஜெல் பூசி, ஒலியை அனுப்பும் புரோபை வைத்து நகர்த்தினேன். உள்ளே இடைவெளி இருந்தால் ஒலி பாதியிலேயே திரும்பிவிடும். அன்றைக்கு ஓரிடத்திலும் பாதியில் திரும்பவில்லை. அடிவரைக்கும் ஒழுங்காகப் போய்த் திரும்பியது. திங்கட்கிழமை பார்த்த தாம்பாளம் திரையில் இல்லவே இல்லை. பெர்சிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

பழைய வழக்கப்படி ஒரு ரூபாய் நாணயத்தாலும் தட்டிப் பார்த்தேன். ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. இரண்டு முறை தட்டினேன். பனி ஈரம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஈரம் மற்ற இடங்களிலும்தான் இருந்தது. மற்ற இடங்களில் சத்தம் கணீரென்றுதான் கேட்டது. இதை நான் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லை என்பதுதான் சரி. திரை நல்ல செய்தி சொல்லியிருந்தது, பக்கத்தில் ஒருத்தி ஏழு வருஷ உழைப்போடு நின்றுகொண்டிருந்தாள், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பாலத்தைத் திறக்கலாம் என்று பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் ஊர் வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டார். காவலுக்கு இருந்த தனபால் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்.

ரிப்போர்ட்டைக் கோலாரில் இருக்கும் அலுவலகத்தில் மறுநாள் காலைக்குள் கொடுக்க வேண்டும். அங்கே என் தங்கை வீடு இருக்கிறது, அன்றைக்கே போய்விடலாம் என்று நாலரை மணி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பங்காருபேட்டை வரப்போகிற நேரத்தில் டிக்கெட்டைப் பையில் வைக்கப் போனேன். ஸ்வெட்டரின் கை விளிம்பில் விரல் வழுக்கியது. காலையில் பட்ட ஜெல். ஆறு மணி நேரம் ஆகியும் காயாமல் இருந்தது.

குளிருக்குக் காயவில்லை என்று நினைத்தேன். உடனே பேனலுக்குள் இருக்கும் திரவம் நினைவுக்கு வந்தது.

புரோபுக்கும் பேனலுக்கும் நடுவில் நாம் எதற்காக ஜெல் பூசுகிறோம்? நடுவில் காற்று இருந்தால் ஒலி போகாது, ஈரமாக ஏதாவது இருந்தால் போகும் என்பதற்காக. விரிசலுக்குள் திரவம் வந்து நிறைந்திருந்தால் போதும், அது கெட்டியாகாமல் கூழாகவே இருந்தாலும் என் ஒலி அதைத் தாண்டிப் போய்விடும். அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன என்று திரை எனக்குச் சொல்லவே இல்லை. நடுவில் காற்று இல்லை என்றுதான் சொன்னது. அதை நான்தான் ஒட்டிவிட்டது என்று படித்துக்கொண்டேன். அந்த மூன்று நாளும் இரவில் எவ்வளவு குளிர்? ஓடைக்கு மேலே, வெயில் படாத பேனல் எவ்வளவு சில்லிட்டுக் கிடந்திருக்கும்? நாங்கள் யாரும் தெர்மாமீட்டரே வைக்கவில்லை.

பங்காருபேட்டையில் இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்று முதலில் பெர்சிஸுக்குப் போன் செய்தேன்.

"ஸ்கேன் சுத்தமா இருந்திச்சே மேடம்" என்றாள்.

"திரவமா இருந்தாலும் சுத்தமாத்தான் இருக்கும், பெர்சிஸ். எத்தினி டிகிரி வரைக்கும் அது கெட்டியாவும்?"

"லேப்ல நான் ஏசி ரூம் குளிருக்குக் கீழ வெச்சு டெஸ்ட் பண்ணினதே இல்ல மேடம்" என்றாள். "இப்ப காலையில எட்டு ஒம்போது டிகிரிக்கு எறங்குதாம். நான் கேக்கவே இல்ல."

அடுத்து மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"கையெழுத்துப் போட்டு ஆறு மணி நேரம் கூட ஆவல. உங்ககிட்ட புதுசா ஏதாவது ரீடிங் இருக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப எதை வெச்சு மூடறது? நாளைக்கு காலையில போயி இன்னொரு வாட்டி டெஸ்ட் பண்ணலாம். இப்ப மூடினா ஊரே சிரிக்கும். அந்தப் பொண்ணோட புராஜெக்டும் போயிடும், யோசிச்சீங்களா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் ரீடிங் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. ஆனால் பாலம் திறந்திருந்ததும் என்னுடைய ஒரு ரீடிங்கை நம்பித்தான், அந்த ரீடிங்குக்கு அர்த்தம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆகவே பாலம் சரியாக இருக்கிறது என்று சொல்லவும் எங்களிடம் எதுவும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். "உங்க பொறுப்பு" என்று போனை வைத்தார்.

மூன்றாவதாகத்தான் தனபாலைக் கூப்பிட்டேன். இந்த இடத்தில் நான் செய்தது இன்னொரு தவறு. கால் மணி நேரம் பேசி முடித்த பிறகு, பாலத்தின் மேல் நிற்கிற ஒரே ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். முதலில் அவரைக் கூப்பிட்டு மூடச் சொல்லியிருக்க வேண்டும். மூடிவிட்டுத்தான் மற்றவர்களிடம் பேசியிருக்க வேண்டும்.

"இன்னா மேடம், காலையிலதானே தொறக்கச் சொன்னீங்க" என்றார் தனபால்.

"ஆமா. இப்ப மூடுங்க. ஒருத்தரையும் விடாதீங்க."

"கட்டிடறேன். ஆனா சாயங்கால ரயிலு வந்துச்சின்னா நூறு எரநூறு பேரு வருவாங்களே, நான் ஒருத்தன் எப்டி நிறுத்தறது? மேனேஜர் சொல்லிட்டாரா?"

"நான் சொல்றேன். நானே வரேன்."

ஆட்டோவில் போனால் கடைத்தெரு நெரிசலில் மாட்டிக்கொள்வேன். தனபால் சொன்ன அந்த மாலை ரயில், கோரமண்டல் வழியாகப் போகும் மாரிக்குப்பம் ரயில், வருகிறது என்று பக்கத்து ஸ்டேஷனில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் எடுத்துக்கொண்டு அதே ரயிலில் ஏறினேன்.

நிற்கக்கூட இடம் இல்லை. கேக் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள், போனில் பேசுகிறவர்கள். என்னை இடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண் பிளாஸ்டிக் கவரைத் திறந்து ஒரு சின்ன கவுனைத் தோழிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். எங்கே இறங்குகிறாய் என்று கேட்டேன்.

"கோரமண்டல் ஆண்ட்டி. பாலம் தொறந்தாச்சுன்னு போட்டிருந்தாங்க. எங்கம்மா பாப்பாவ தூக்கிக்கினு பாலத்துலயே வந்து நிக்கறேன்னு சொன்னாங்க. ரயிலு வர்றத பாக்கணுமாம் அதுக்கு."

"அம்மாவுக்கு ஒரு போன் போடும்மா. பாலத்து மேல நிக்க வேணாம், எறங்கி ரோட்டுப் பக்கம் வரச் சொல்லு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு?"

"பாலத்தை டெஸ்ட் பண்ணினவ. தப்பாப் பண்ணிட்டேன்."

அவள் உடனே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்தொரு வருஷ வேலையில் அவ்வளவு பயந்தது அந்த இரண்டு நிமிஷம்தான்.

கோரமண்டலில் ரயில் நிற்பதற்குள் கதவருகே வந்துவிட்டேன். முதல் ஆளாக இறங்கி, இந்த வயதில் ஓட முடிந்த அளவு ஓடினேன். தனபால் கயிறு கட்டி, குறுக்கே பெஞ்சைப் போட்டு, அதன் மேல் தன் சைக்கிளையும் சாய்த்து வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மூச்சு வாங்குவதற்குள் கூட்டம் வந்துவிட்டது.

"திரும்பவும் மூடிட்டீங்களா? காலையில ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சா?"

"யாரு மூடச் சொன்னது? அவரைக் கூப்பிடுங்க."

தனபால் என் பக்கம் பார்த்தார். நான் ரெசின், குளிர், திரவம் என்று விளக்க ஆரம்பித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. நின்று களைத்து வந்தவர்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்குள் இரண்டு வாலிபர்கள் பெஞ்சைத் தாண்டிக் குதித்து, பாலத்தில் ஓடி அக்கரைக்குப் போய், அங்கிருந்து கையைத் தூக்கி ஆட்டினார்கள்.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆவல" என்றார் ஒரு பெரியவர். "வழி விடுங்கம்மா."

அந்த நேரத்தில் எனக்கே அப்படித் தோன்றியது. ஒன்றும் ஆகவில்லையே, ஒருவேளை ஆறித்தான் இருக்கிறதோ என்று. சட்டென்று நகர்ந்து வழி விட்டிருப்பேன். ஆனால் இரண்டு பேர் ஓடியதை வைத்து இருநூறு பேருக்கு நான் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. அதுவும் அர்த்தம் தெரியாத இன்னொரு ரீடிங்தான். ஒரே நாளில் அப்படி இரண்டாவது முறை ஏமாற எனக்கு இஷ்டமில்லை. விளக்குவதை நிறுத்திவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"மூடச் சொன்னது நான்தான். காலையில தொறக்கச் சொன்னதும் நான்தான். என்னோட தப்பு. பாலம் நல்லா கீதா இல்லையான்னு எனக்கு இப்ப தெரியல. தெரியாம உங்கள ஏத்த மாட்டேன்."

கூச்சல் உடனே அடங்கிவிடவில்லை. பின்னாலிருந்து யாரோ அசிங்கமாகவும் ஒரு வார்த்தை சொன்னார்கள். ஆனால் முன்னால் நின்ற பெரியவர் பெஞ்சின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார். "தப்புன்னு அவங்களே சொல்றாங்களே, அப்பறம் இன்னா பேச்சு" என்றாள் ரயிலில் பார்த்த பெண். "வாங்க, சுத்திக்கினு போலாம். எங்கம்மா ரோட்டுலதான் நிக்குது." அவள் நடக்க, நாலைந்து பேர் அவள் பின்னால் போனார்கள். பிறகு மற்றவர்களும் போனார்கள். அக்கரையில் இருந்த இரண்டு வாலிபர்களும் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள்.

தனபால் ஃபிளாஸ்கிலிருந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். "ஒக்காருங்க மேடம்" என்றார். சைக்கிளை நகர்த்திவிட்டு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.

மறுநாள் பேனலைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து அறுத்தோம். நடுப்பகுதி நன்றாகவே ஒட்டியிருந்தது. ஓரத்தில், நாணயத்தின் சத்தம் மந்தமாகக் கேட்ட இடத்தில், அடுக்குகளுக்கு நடுவே வெல்லப்பாகு பதத்தில் திரவம் அப்படியே இருந்தது. ரம்பத்தின் பல்லில் ஒட்டிக்கொண்டு வந்தது. பேனலைப் பாலத்தோடு மாட்டும் போல்ட் ஓட்டையைச் சுற்றி இழைகளும் அறுந்திருந்தன. எந்தத் திரவமும் சேர்க்க முடியாத காயம் அது, அதையும் நான் கவனிக்கவில்லை. முந்தின நாள் மாலை அத்தனை பேரும் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம்.

புது ரிப்போர்ட் எழுதும்போது, காரணம் என்ற இடத்தில் எதிர்பாராத குளிர் என்று போட்டுவிடலாமே என்றார் மேனேஜர். என்னைக் காப்பாற்றுவதற்குத்தான் சொன்னார். டிசம்பரில் இங்கே குளிரும் என்பதை எதிர்பார்க்காதவர்கள் யார்? "என் முந்தைய ரிப்போர்ட் தவறு. ஒலி கடந்து போனதை, அடுக்குகள் ஒட்டிவிட்டதாக நான் எடுத்துக்கொண்டேன். மந்தமாகக் கேட்ட ஓர் இடத்தைக் கேட்டும் விட்டுவிட்டேன்" என்று எழுதினேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை அது என் கோப்பில் இருந்தது, இப்போதும் இருக்கும்.

நான் அதிகம் கவலைப்பட்டது பெர்சிஸை நினைத்துத்தான். பேனலை அறுத்த அன்று அவள் ரம்பத்தில் ஒட்டியிருந்த பாகை விரலில் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புராஜெக்டை நிறுத்திவிடுவார்கள் என்று கேன்டீனில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அதே ஓரத்திலிருந்து விரல் அகலத்தில் ஆறு துண்டுகள் அறுத்தாள். அடுக்குகள் விலகாதபடி ஒவ்வொன்றையும் கிளாம்ப் போட்டு இறுக்கினாள். வெயில் விழுகிற ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்தாள். ஒரு நோட்டில் காலை, மதியம், மாலை என்று டிகிரி எழுதிக்கொண்டே வந்தாள். கிறிஸ்துமஸ் அன்றுகூட சர்ச் முடிந்து புதுப் புடவையோடு வந்து எழுதிவிட்டுப் போனதாக செக்யூரிட்டி சொன்னார்.

ஆறாம் நாள் முதல் துண்டை, உடையும்வரை இழுத்துப் பார்க்கும் இழுவை மெஷினில் மாட்டினோம். பேனலாக இருந்தபோது பாகாக இருந்த இடம் சரியாக நடுவில் வரும்படி அவளே மாட்டினாள். நான் பட்டனை அழுத்தினேன். அளவுமுள் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் படாரென்று உடைந்தது.

பெர்சிஸ் துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். உடைந்தது வேறோர் இடத்தில். டிராக்டர் இடித்துப் பிரித்த இடம் கோடு மாதிரித் தெரிந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது.

"ஆறிக்கினுதான் இருந்திச்சு மேடம்" என்றாள். "நாமதான் பொறுக்கல."

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நோட்டை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, மெஷினின் பிடியைத் தளர்த்தி, ஜன்னலிலிருந்து இரண்டாவது துண்டை எடுத்து வந்தாள்.

"இதையும் மாட்டலாமா மேடம்?" என்று கேட்டாள்.